புலியிலிருந்து இறங்கிய துர்க்கை

திருகோணமலை இறங்குதுறையில், மூதூர்ப் படகுக்கான சோதனை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் தான் வரைந்த ஓவியத்தைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"துர்க்கையைப் புலியால இறக்கிப்போட்டன், அக்கா. ஆமி கண்டால் விடுவானே?"

"சிங்கத்தில ஏத்தியிருக்கலாமே?"

"மூதூருக்கு அங்கால இயக்கப் பெடியள் கேட்டால் என்ன சொல்லுறது? அதான், மனுசி நடந்தே போகட்டுமெண்டு விட்டிட்டன்."

"கையில ஆயுதங்கள்?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டன். இப்ப அகப்பையும் குடமும் விறகுக்கட்டும்தான்."

"பிறகேன் நடுங்கிறாய்?"

"கண்ணை மட்டும் மாத்த மனம் வரேல்லை, அக்கா."

அவள் முறை வந்தது. சிப்பாய் ஓவியத்தை மேசையில் விரித்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, பார்வையை எடுக்காமலே, பக்கத்தில் சாத்தி வைத்திருந்த துவக்கைக் கையில் எடுத்தான்.