ஓய்வறைக்குள் நீராவி விட்ட விவகாரம்

வாக்குமூலம் கொடுப்பவர்: கெட்டிலக்கா என்று அழைக்கப்படும் சலவைக்கூட இஸ்திரித் தொழிலாளி, பாய்லர்காரரின் மனைவி. வயது நாற்பத்தொன்பது. இருப்பிடம்: சலவைக் கூடத்துக்குப் பின்தெரு, தையற்கடையின் மேல்மாடி.

மேலே எழுதியிருப்பது என்னைப் பற்றித்தான். ஐம்பது என்று எழுத வந்தார்கள், ஒன்றைக் குறைக்கச் சொன்னது நான். எப்போதும் கொதித்துக்கொண்டிருப்பேன் என்பதால் கெட்டிலக்கா என்ற பெயர் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றேன். போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்குமேல் கேட்டால் பேசுவேன்.

நான் வேலை செய்யும் சலவைக் கூடத்தில் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் விரிப்புகள் வெளுத்து இஸ்திரி போட்டு அனுப்புகிறோம். என் கணவர் அங்கே பாய்லர் பார்க்கிறார். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், கடைசி மேஜையில் இருக்கிறாள். அவளுடைய வேலை முகர்ந்து பார்ப்பது. ஈர வாடை, சோப்பு வாடை, ப்ளீச் நெடி ஒன்றும் இல்லை என்று அவள் மூக்கு சொன்ன பிறகுதான் மூட்டையில் முடிச்சு விழும். "உனக்கு மூக்குக்குத்தான்டி சம்பளம், மிச்ச உடம்பு இனாம்" என்று நான் கிண்டல் செய்வேன். "உங்க வாய்க்கு யாரும் சம்பளம் தரலையேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல் அண்ணி" என்பாள்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. புகை பட்டால் மூச்சு நெஞ்சுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். அதனால் என் கணவர் வீட்டுக்குள் சிகரெட் பற்றவைத்ததே கிடையாது. மழை பெய்தால்கூட வெளிப்படியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஊதுவார். தூரத்திலிருந்து பார்த்தால் குடை வேகிற மாதிரி இருக்கும். புகைபிடிக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரோடு இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இஸ்திரிக் கூடத்துக்குச் சன்னல் கிடையாது, தூசி வரும் என்று அடைத்துவிட்டார்கள். சன்னல் இருப்பது பக்கத்து ஓய்வறையில் மட்டும். பெண்கள் அங்கேதான் சாப்பிடுவோம். என் நாத்தனார் நாலு மூட்டைக்கு ஒருமுறை அங்கே போய், சன்னலில் முகத்தை வைத்து நல்ல காற்றை இழுத்துவிட்டு வருவாள். அதை நாங்கள் மூக்கு கழுவுவது என்போம். கழுவாத மூக்கு பழைய வாடையையே சொல்லிக்கொண்டிருக்கும். புகைபிடிப்பவர்களுக்குப் பின்முற்றத்தில் தகரக் கூரை போட்ட இடம் இருந்தது. அங்கே அவர்கள், இங்கே நாங்கள் என்று சண்டை சச்சரவு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு புது மேனேஜர் வந்தார். அவருக்குத் தகரக் கூரைக்கு அடியில் இருந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் நாங்கள் வந்து பார்த்தபோது ஓய்வறைக் கதவில் 'புகைபிடிப்போர் அறை' என்று போர்டு தொங்கியது. எங்கள் சாப்பாட்டுப் பைகளைத் துணிக் கூடைமேல் எடுத்து வைத்திருந்தார்கள். நான் போய்க் கேட்டேன்.

"புகைபிடிக்கிறவங்களுக்கும் உரிமை இருக்கும்மா" என்றார்.

"இருக்கட்டும் சார். உங்க உரிமை உங்க வாயோட இருக்கட்டும். எங்க மூக்குக்குள்ள அதுக்கு என்ன வேலை?" என்றேன்.

"கதவு இருக்குல்ல? மூடிக்கிறோம்."

அந்தக் கதவின் தலைக்கு மேலே காற்றுக்காக ஒரு திறப்பு இருக்கிறது, அதற்கு மூடி கிடையாது. அதை நான் கையால் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார். புகைக்கு இங்கே நில், அங்கே போகாதே என்று சொன்னால் அது கேட்குமா? அது என்ன இஸ்திரிக்காரியா?

அதன் பிறகு மேனேஜர், வண்டி டிரைவர், என் கணவர் மூன்று பேரும் அந்த அறையில் கூடத் தொடங்கினார்கள். தங்கைக்காக வீட்டில் குடை பிடித்த மனுஷருக்கு, போர்டைப் பார்த்ததும் உரிமை வந்துவிட்டது. "ஏங்க, அவ பக்கத்துலதானே இருக்கா?" என்று கேட்டதற்கு, "மேனேஜரே கூப்பிடுறாரு, நான் மட்டும் வெளிய போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். என் நாத்தனார் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். முகர்ந்து பார்க்கிறவள் மூக்கைக் கட்டிக்கொண்டால் வேலை எப்படி நடக்கும்? ஒவ்வொரு மூட்டைக்கும் அவிழ்ப்பாள், முகர்வாள், இருமுவாள், திரும்பக் கட்டுவாள்.

அதன் பிறகு சம்பவத்துக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போக வேண்டிய மூட்டைகளுக்கு அவள் முடிச்சுப் போட மறுத்துவிட்டாள். எல்லாவற்றிலும் சிகரெட் வாடை இருக்கிறது, திரும்ப வெளுக்க வேண்டும் என்றாள். மேனேஜர் ஓய்வறையிலிருந்து வந்து ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே!" என்றார்.

அதன் பிறகு டிரைவரிடம் கொடுத்தார். அவரும் முகர்ந்து பார்த்து, "வாசமாத்தானே சார் இருக்கு" என்றார். வாயிலிருந்து அப்போதுதான் சிகரெட்டை எடுத்திருந்தார். அதன் பிறகு என் கணவரிடம் கொடுத்தார்கள். அவர் விரிப்பைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், முகர்ந்தார். "எனக்கும் தெரியல" என்றார். அவர் கசக்கிய விரிப்பை என் நாத்தனார் வாங்கி, ஓரம் ஓரத்தோடு சேர்கிற மாதிரி மடித்து வைத்தாள். மூட்டைகள் வண்டியில் ஏறின.

மறுநாள் காலை அத்தனையும் திரும்பி வந்தது. "பொறந்த குழந்தை முதல்ல மோக்குற வாடை இதுவா?" என்று வார்டு நர்ஸ் கேட்டதாக, அதே டிரைவர் வந்து சொன்னார். சொல்லும்போது வாயில் சிகரெட் இல்லை.

மேனேஜர் நேராக என் நாத்தனாரிடம் போனார். "மோந்து பாக்குறது யாரோட வேலை? மூக்கை என்ன முகத்துல அழகுக்கா வச்சிருக்கே? நாளையிலிருந்து வராதே" என்றார். முந்தின நாள் அவள் சொன்னதை நாங்கள் ஆறு பெண்களும் எடுத்துச் சொன்னோம். "அப்ப அவ ஏன் அழுத்திச் சொல்லலை?" என்றார். இழுப்பு வந்தவளால் எதை ஐயா அழுத்திச் சொல்ல முடியும்? கழுத்தை நெரித்துக்கொண்டே பாட்டு ஏன் சரியில்லை என்று கேட்கிற நியாயம் இது. அதன் பிறகு அவர் ஓய்வறைக்குள் போனார். டிரைவரும் போனார். என் கணவர் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு, அவரும் போனார்.

என் நாத்தனார் தன் சாப்பாட்டுப் பையைக் கூடைமேலிருந்து எடுத்தாள். அப்போதுதான் எனக்குக் கொதித்தது.

திரைச்சீலைச் சுருக்கம் எடுக்க எங்களிடம் நீளமான நீராவிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு போய், முக்காலிமேல் ஏறி, கதவுக்கு மேலே உள்ள அதே திறப்பில் வைத்தேன். வைப்பதற்கு முன்னால் கதவைத் தட்டினேன். "சார், உங்க புகை இந்த வழியாத்தான் எங்ககிட்ட வருது. எங்க நீராவியும் இந்த வழியா வருது, பாத்துக்குங்க. எங்களுக்கும் உரிமை இருக்குல்ல?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். உள்ளே சிரித்தார்கள். அதன் பிறகு திறந்துவிட்டேன். முனையைக் கூரையைப் பார்க்கத்தான் பிடித்திருந்தேன். அவ்வளவு உயரத்தில் போகிற ஆவி கீழே இறங்குவதற்குள் ஆறிப்போகும், ஈரம்தான் மிஞ்சும்.

நான் கதவைப் பூட்டி அடைத்துவைத்ததாக மேனேஜர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. அது உள்பக்கம் இழுத்தால் திறக்கிற கதவு. மூன்று ஆண்களும் சேர்ந்து அதை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "இழுங்க சார், இழுங்க! இழுக்கிறதுதானே உங்களுக்குப் பழக்கம்!" என்று நான் முக்காலிமேல் இருந்தே கத்தினேன். கடைசியில் இழுத்துத் திறந்தது என் கணவர்.

கழுத்தில் கருப்பாகத் தீக்காயம் பட்டது என்றும் எழுதியிருக்கிறார். அது தலைச்சாயம். சட்டைக் காலரிலும் இறங்கியிருக்கிறது. சட்டையை என்னிடம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன், கழுத்துக்கு அவர் வீட்டில் சோப்பு இருக்கும். நீராவி விட்டது நான்தான், அதை நான் மறைக்கவில்லை. கொலை முயற்சி என்று எழுதினால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொல்ல நினைத்திருந்தால் அங்கே என் புருஷனும் இருந்தார், இருபத்தைந்து வருடம் பொறுத்திருப்பேனா?

என்மேல் வழக்குப் போட்டால் போடட்டும், கட்டுப்படுகிறேன். என் நாத்தனாருக்கு அவள் மேஜையும் அந்தச் சன்னலும் திரும்ப வேண்டும். முந்தின நாள் அவள் சொன்னது உண்மை என்பதற்கு அவளே சாட்சி. அவளை ஏன் அழைத்து வரவில்லை என்று இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி என்னை இரண்டு தடவை கேட்டார். அழைத்து வந்திருக்கிறேன். வெளியே வராந்தாவில் நிற்கிறாள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அதிகாரி பிடித்துக்கொண்டிருப்பது மூன்றாவது சிகரெட். இதை எழுத வேண்டியதில்லை என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் வாக்குமூலம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

அவளுடன் என் கணவர் நிற்கிறார். "முந்தாநேத்து எனக்கும் வாடை வந்துச்சு, வரலைன்னு பொய் சொல்லிட்டேன்" என்று எழுதிக்கொடுக்க வந்திருக்கிறார். தங்கையை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டாராம். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருக்கிறது, பற்றவைக்கவில்லை. ஆகவே இந்த வழக்கின் இரண்டு சாட்சிகளும் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அதிகாரி தன் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கூப்பிட்டால் வருவார்கள்.

இதுவரை சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். புகையில் எனக்கு இருமல் வந்ததால் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, எல்லாம் நிஜம் என்று அறிந்து கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் கதவும் உள்பக்கம் இழுத்தால்தான் திறக்கும்.

(கையெழுத்து)