உப்புக்கு விடப்பட்ட கரை

ஓடுகிறோம். காலுக்குக் கீழே உளைச் சேறு. செருப்பு எப்போதோ போய்விட்டது. மகள் ரூத் என் இடுப்பில். என் கணவர் செல்வம் முன்னால், தலையில் அரிசிப் பை.

தூரத்தில் 'டொக்'. ஷெல் புறப்படும் சத்தம். பிறகு கூவல். கூவல் நீண்டால் எங்களைத் தாண்டிப் போகிறது. நின்றால் விழப்போகிறது.

"படுங்க! படுங்க!"

படுத்தோம். கோவில் கூரை போனது. ஓடுகள் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தன.

எங்கள் சபைக் கோவில் வாவியின் மேற்கே படுவான்கரையில், கண்டல் மரங்களுக்குள் இருந்தது. போதகர் என் கூடப்பிறந்த அண்ணன். கடைசி மாதம் முழுக்க அவர் வேதத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தையே பிரசங்கித்தார். ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படும். கிழக்கே ஓடும். உப்புநீர் நல்ல நீராகும். அது போன இடமெல்லாம் உயிர் பிழைக்கும். மீன் பெருகும். இரு கரையிலும் வாடாத மரங்கள் நிற்கும்.

"அந்த ஆலயம் இதுதான். கர்த்தர் இங்க இருக்கார். ஆரும் ஓட வேணாம்" என்றார்.

பக்கத்து ஊர்கள் காலியாகின. நாங்கள் இருந்தோம். அண்ணன் பொய் சொல்லமாட்டார்.

எழும்பி மறுபடி ஓடுகிறோம். தோணித்துறை. சபையின் இயந்திரத் தோணி ஏற்கனவே தண்ணீரில். அண்ணன், அண்ணி, பிள்ளைகள். நடுவில் கோவில் ஆர்மோனியம், போர்வை சுற்றி.

"அண்ணன்! ரூத்தையாவது ஏத்துங்க!"

"இடமில்ல தங்கச்சி! இறக்கிப்போட்டு உடன வாறன்!"

காத்திருந்தோம். வேறு ஊர்த் தோணிகள் வந்து ஆட்களை ஏற்றின. "வயசானவங்க முதல் போகட்டும். எங்களுக்கு மச்சான் வருவார்" என்றார் செல்வம். வரவில்லை.

மீண்டும் 'டொக்'. கூவல் நின்றது.

அண்ணன் வெளிநாடு போய்விட்டதாக அகதி முகாமில் கேள்விப்பட்டேன். அங்கேதான் எசேக்கியேலின் அந்த அதிகாரத்தை முதல்முறை நானே வாசித்தேன். சேறும் சதுப்பும் குணமாகாது, உப்புக்கு விடப்படும் என்று அதில் ஓரிடம் வருகிறது. அண்ணன் அதை எங்களுக்கு ஒருநாளும் வாசித்ததில்லை.

சண்டைக்காலத்தில் யாரும் வலை போடவில்லை. ஊர் திரும்பியபோது வாவி நிறைய மீன். தரிசனத்தில் சொன்னபடியே. அந்தத் துறையடி மீனை நான் இன்றுவரை தின்றதில்லை.

போன வருஷம் அண்ணன் வந்தார். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் புது மண்டபம். நான் பின்வரிசையில். அதே அதிகாரம். அதே குரல். சதுப்பு வரும் இடத்தைத் தாண்டிப் போனார்.

எழும்பினேன்.

"ஆர்மோனியத்துக்கு இடம் இருந்திச்சே, அண்ணன்?"

அவர் கண்ணை மூடினார். "ஜெபிப்பம்" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்துவிட்டேன்.

செல்வம். முப்பத்தொரு வயது. ரூத். நாலு வயது. இருவரையும் என் சேலையில் சுற்றிக் கரையிலேயே புதைத்தேன். இடம் இப்போது தெரியாது, கண்டல் மூடிவிட்டது. எங்களோடு துறையில் நின்றவர்களில் மேலும் ஏழு பேர். எங்கள் வலைகள். வீடு. என் இடது காது.

கர்த்தரை இந்த இழப்புக் கணக்கில் சேர்ப்பதா, இன்னும் தெரியவில்லை. அண்ணனைச் சேர்த்துவிட்டேன்.