கதவு மூடுற வரைக்கும்

— இருமுங்க சார், நல்லா இருமுங்க. டாக்டர் வந்து பார்த்துட்டு உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போற வரைக்கும் வராத இருமல், அவர் அந்தப் பக்கம் போனதும் பிச்சுக்கிட்டு வருதே!

— என்னம்மா இன்ஸ்பெக்டர், வியாதி என்ன சொல்லிட்டா வரும்? நெஞ்சு அடைக்குது. பாருங்கம்மா, இப்படி இருமுறவனை எந்த விமானத்துலயும் ஏத்த மாட்டாங்க. பக்கத்து சீட்டுக்காரன் சும்மா இருப்பானா?

— அதுக்குத்தானே இந்த நாடகம்!

— வார்த்தையை அளந்து பேசுங்க. மேல கேமரா ஓடிக்கிட்டிருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்த நாட்டுப் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கார். விமானத்துக் கதவு மூடுற வரைக்கும் நான் அவங்க கைதி. உங்க கைதி இல்லை. பாருங்கம்மா, இங்க நீங்க வெறும் விருந்தாளி.

— விருந்தாளியாம்! ஏட்டு, கேட்டியா?

— கேட்டேன் மேடம். நீங்க கொஞ்சம் உட்காருங்களேன். இந்த ரூமுக்குள்ள வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.

— உட்கார்ந்தா கை சும்மா இருக்காதுய்யா. நின்னா, கட்டிக்கிட்டாவது நிக்கலாம்.

— கை நமநமங்குதா? அடிங்களேன். ஒண்ணே ஒண்ணு. கன்னத்துல ஒரு தடம் விழுந்தா போதும், என் வக்கீல் வெளியே வராந்தாவுலதான் இருக்கார். இங்கயே இந்த அடின்னா அங்க கொண்டுபோய் என்ன பண்ணுவாங்கன்னு ஜட்ஜ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவேன்.

— தெரியும் சார். அதனாலதான் வாய்க்கு வாய் சார் போடுறேன். உங்களை அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்குல கொப்புளமே வந்துடும் போலிருக்கு.

— மேடம், மெதுவா பேசுங்க. கண்ணாடிக்குப் பின்னாடி அந்த ஆள் நம்மளையே பார்க்குறான்.

— பார்க்கட்டும்யா. நாம பேசுறது அவனுக்குப் புரியவா போகுது?

— இப்ப புரியாது, தம்பி. நாளைக்கு மொழிபெயர்த்துக் கோர்ட்டுல போட்டுக் காட்டுவாங்க. உங்க மேடத்துக்குச் சொல்லி வை. நாளைக்குன்னு எதுக்குச் சொல்றேன் தெரியுமா? கோர்ட் கொடுத்த கெடு இன்னையோட முடியுது. இந்த விமானத்துல நான் ஏறலைன்னா என்னை அவுத்து விட்டுத்தான் ஆகணும். சட்டம்னா சட்டம். நீங்க மறுபடியும் முதல்லேர்ந்து மனு, சீல், கையெழுத்து, தூதரகம்னு அலையுங்க.

— அலைஞ்சதெல்லாம் போதாதா? நாலு வருஷமாத் தண்ணி காட்டினீங்களே! உங்களை எங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்லி முதல் மனு போட்டோம். இந்தக் குற்றம் எங்க நாட்டுலயும் குற்றமான்னு முதல்ல காட்டுங்கன்னு திருப்பி அனுப்பினாங்க. குழந்தைங்களுக்கு விஷத்தைக் குடுக்குறது எந்த நாட்டுல குற்றமில்லை? ஆனாலும் காட்டினோம். தூக்குல போட மாட்டோம்னு எழுதிக் கொடுங்கன்னாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையும் கொடுத்தோம். அப்புறம் உங்க வக்கீல் ஒண்ணு கிளப்பினார் பாருங்க, ஜெயில் ரூம்ல காத்து வருமான்னு!

— மனுஷன் இருக்கிற இடத்துல காத்து வர வேணாமா?

— அதுக்குத்தான் நானே டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் ஜன்னலை அளந்தேன். இந்த ஏட்டுதான் மறுமுனையைப் பிடிச்சான். அகலம் பத்தாதுன்னு சுவரை இடிச்சுப் பெரிசு பண்ணி, போட்டோ எடுத்து அனுப்பினோம். அந்த ஜெயில்ல வேற எவனுக்கும் அந்த மாதிரி ஜன்னல் கிடையாது சார். உங்க ஒருத்தருக்குத்தான்.

— கட்டில்கூடப் புதுசு மேடம்.

— நீ வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாதய்யா!

— பாருங்கம்மா, இவ்வளவு பாடுபட்டு என்ன கிழிச்சீங்க? கொலைக் கேஸுன்னு கேட்டீங்க. ஜட்ஜ் என்ன சொன்னார்? மருந்துல விஷம் கலந்திருக்குன்னு தெரிஞ்சேதான் இவர் வித்தாருங்கிறதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டார். இருந்துச்சா உங்ககிட்ட? கவனக்குறைவுக்கு மட்டும்தான் அனுப்பி வைக்கிறார். எதுக்கு அனுப்பினாங்களோ அதுக்கு மட்டும்தான் நீங்க விசாரிக்க முடியும். அதுக்கு மேல என் சட்டையைக்கூடத் தொட முடியாது. போனேன் வந்தேன்னு வெளியே வந்துடுவேன்.

— அந்தத் தெனாவட்டுலதானே உட்கார்ந்திருக்கீங்க.

— தெனாவட்டு இல்லம்மா, நியாயம். எனக்கு ஒண்ணும் தெரியாது. டிரம் டிரம்மா மூலப்பொருள் வருது. எவனோ விக்கிறான், எவனோ கலக்குறான், நான் கையெழுத்துப் போடுற ஆளு. சொல்லப்போனா என் இருமல் சிரப்புல குறையே கிடையாது. அளவு தெரியாம ஊத்திக் குடுத்த அம்மாக்களைப் பிடிச்சுக் கேளுங்க.

— என்ன சொன்னே?

— மேடம்! மேடம், கையை இறக்குங்க. கேமரா, மேடம்!

— விடுய்யா என்னை! அம்மாக்களைச் சொல்றான்யா இவன்! அந்தத் தையல்காரம்மாவை நீயும் பார்த்திருக்கேல்ல? மூடியில கோடு வரைக்கும் ஊத்தி, நகத்தை வெச்சுப் பார்த்துத்தான் குடுத்தேன் மேடம்னு அந்தம்மா ஸ்டேஷன் வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுமே! பையன் போய்ச் சேர்ந்துட்டான், அந்தம்மா இன்னும் அந்த மூடியைக் கையில வெச்சுக்கிட்டுத் திரியுது. நாம கிளம்பும்போது ஏர்போர்ட் கேட்ல நின்னுக்கிட்டு என்ன சொல்லுச்சு? அவன் விமானத்துல ஏறிட்டான்னு மட்டும் போன் பண்ணுங்க மேடம், வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லுச்சு. என்னத்தய்யா நான் போன் பண்றது?

— பண்ணுங்கம்மா. இருமல் வந்துடுச்சு, ஏறலைன்னு பண்ணுங்க.

— தூ!

— மேடம், தரையிலதானே துப்பினீங்க? அவர் மேல படலையே?

— படலைய்யா. அந்த அளவுக்கு இன்னும் அறிவு கெட்டுப் போகலை.

— துப்பினதும் பதிவாகியிருக்கும். நல்லது. எனக்கு இன்னும் நல்லது. ஐயோ, மறுபடியும் வருது பாருங்க. அம்மாடி! இருமி இருமி வயிறே இழுத்துப் பிடிச்சுக்கிச்சு.

— மேடம், இப்படி வாங்க. விமானக் கம்பெனிப் பொண்ணு கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுது. ஜனங்க எல்லாம் ஏற ஆரம்பிச்சாச்சாம். இருமல் அடங்கினா இவரைக் கடைசியா ஏத்துறேங்குறாங்க. இல்லைன்னா நம்மளை விட்டுட்டுக் கிளம்பிடுவாங்களாம்.

— டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரேய்யா!

— சொன்னேன் மேடம். தொண்டைக்கு எதாச்சும் குடுத்து அடக்கிக் கூட்டிட்டு வாங்க, அது போதும்னு சொல்லுது அந்தப் பொண்ணு.

— எதைக் குடுக்கச் சொல்றே? கடைக்குப் போய் வாங்கிட்டு வர இப்ப ஏது நேரம்?

— அது வந்து மேடம்... என் பையிலயே இருமல் மருந்து இருக்கு.

— இருமல் மருந்தா? உன்கிட்டயா?

— பாப்பாவுக்கு ஒரு வாரமா இருமல். ரெண்டு பாட்டில் வாங்கினோம். உங்களுக்கும் தொத்திக்கிட்டா அந்த ஊர்ல யார்கிட்டப் போய் நிப்பீங்கன்னு வீட்டுக்காரி ஒண்ணை எடுத்துப் பையில போட்டு விட்டா. பயப்படாதீங்க மேடம், இவர் கேஸைப் பார்த்ததுலேர்ந்து பேரு பார்க்காம நான் எந்த மருந்தும் வாங்குறதில்லை. இவர் கம்பெனிக்குத்தான் சீல் வெச்சாச்சே. இது வேற, புதுசா வந்திருக்கிற கம்பெனி.

— சபாஷ்யா! எடு. அவர் கையிலயே குடு, நாம ஊத்த வேணாம். சார், இந்தாங்க. கேமரா பார்க்குற மாதிரி நீங்களே மூடியைத் திறந்து, நீங்களே ஊத்திக் குடிங்க. தொண்டை சரியாயிடும், எழுந்து நடையைக் கட்டலாம்.

— வேணாம்.

— ஏன் சார்? நெஞ்சு அடைக்குதுன்னீங்களே!

— வேணாம்னா வேணாம். அந்த பாட்டிலை அப்படித் தூரமா வைங்க.

— மருந்து வேணாம், விமானமும் வேணாம். என்னதான் வேணும் உங்களுக்கு?

— முதலாளி, பிரிக்காத பாட்டில். நான் ஒண்ணும் கலந்துடலை. சந்தேகமா இருந்தா நானே உங்க முன்னாடி ஒரு மூடி குடிச்சுக் காட்டுறேன். இந்தா பாருங்க, திறந்துட்டேன்.

— குடிக்காதேய்யா! கீழ வை!

— ஏன் முதலாளி?

— வை கீழேன்னா! சொன்னாப் புரியாதா உனக்கு?

— சார், உங்க இருமல் எங்கே போச்சு?

— அவனைக் குடிக்க வேணாம்னு சொல்லும்மா முதல்ல!

— வெச்சுட்டான். வெச்சாச்சு. இப்பச் சொல்லுங்க. இது உங்க கம்பெனி இல்லையே? வேற பேரு, வேற படம், வேற ஊரு. இதைப் பார்த்து எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— மடையன்... அடிமடையன்... பேரை மாத்திட்டு அதையேவா வித்துக்கிட்டிருக்கான்!

— யாரு?

— யாருமில்லை.

— யாருன்னு கேட்டேன்!

— என் மச்சான். பாட்டில்ல போட்டிருக்கே, அந்த ஊர்லதான் அவனுக்கு ஒரு கொட்டகை இருக்கு. அந்த டிரம்மையெல்லாம் கொட்டிட்டு வாடான்னு சொல்லித்தான் அவன்கிட்ட ஒப்படைச்சேன். கொட்டிட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான், பாவி.

— எந்த டிரம்?

— நான் ஒண்ணும் சொல்லலை. வக்கீலைக் கூப்பிடுங்க.

— கூப்பிடுறேன். நல்லாக் கூப்பிடுறேன். கேமரா ஓடுதுன்னு நீதானே சொன்னே? எவனோ விக்கிறான், எவனோ கலக்குறான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னியே! தெரியாதவன் எதுக்குடா கொட்டச் சொன்னே? ஏட்டு, அந்தக் கண்ணாடியைத் தட்டு. இதோட பிரதி வேணும்னு அந்த ஆள்கிட்டக் கேளு. ஏட்டு! யோவ், காதுல விழலையா? யாருக்குய்யா போன் போட்டுக்கிட்டிருக்கே?

— எடுக்க மாட்டேங்குறா மேடம்.

— யாரு எடுக்க மாட்டேங்குறா?

— வீட்டுக்காரி. இன்னொரு பாட்டில் வீட்டுலதான் மேடம் இருக்கு. பாப்பா... நான் கிளம்புறதுக்கு முன்னாடியே குடுக்க ஆரம்பிச்சாச்சு மேடம். எடுடி. எடுத்துத் தொலையேன்டி!

— ஐயோ! இரு, இரு. நான் ஸ்டேஷனுக்குப் போட்டு உன் வீட்டுக்கு ஜீப்பை அனுப்பச் சொல்றேன். பதறாதே. ஹலோ? ஹலோ, நான்தான் பேசுறேன்...

— தம்பி.

— நீ பேசாதே! நீ என்கிட்டப் பேசாதேடா!

— தம்பி, இங்க பாரு. எத்தனை ஸ்பூன் உள்ளே போயிருக்கு?