ரெண்டு முனையிலும் எர்த்து

— இது ஓன் கையெழுத்துதானே ரஞ்சிதா?

— என் பேக்கை எதுக்குப்பா தொறந்தீங்க?

— டிபன் பாக்ஸை எடுக்கத் தொறந்தேன். படிக்கறேன், கேளு. "மேற்படி போட்டிக் காரில் இன்ஜின் சென்சாருக்குச் செல்லும் ஷீல்டு கேபிளின் உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்தது நானே. இதில் மற்ற எவருக்கும் சம்பந்தமில்லை. இப்படிக்கு, கு. ரஞ்சிதா, ஒயரிங் பொறுப்பு." யாரு ஆத்தா ஒன்னைய இப்படி எழுதச் சொன்னது? அந்த கேப்டன் பய ஜெபக்குமாரா?

— யாரும் சொல்லலை. அதைக் குடுங்கப்பா.

— குடுக்க மாட்டேன். எட்டு மாசம் அந்தக் காருக்கு ஒயர் இழுத்தவ நீ. ஒயருக்கு ஒயரு நம்பர் ஒட்டி, நோட்டுல படம் போட்டு வச்சவ. நீயா தப்பாக் கட்டுவ? எவனோ செஞ்சதை ஓன் தலையில கட்டுறானுவ. இப்பவே காலேஜுக்கு வாரேன், யாருன்னு பார்த்துருவோம்.

— அப்பா, ஆண்டியப்பன் சித்தப்பா எவ்வளவு நேரமா நிக்கிறாங்க. அவங்க செல்ஃப் மோட்டாரை முடிச்சு விடுங்க.

— ஆமாண்ணே. அப்பனும் மகளும் சண்டையை அப்பறம் வச்சுக்கங்க. என் டிராக்டரு பாதி உழவுல நிக்கிது.

— முடிஞ்சுதுடா ஆண்டியப்பா. ரஞ்சிதா, அந்த நெயில் பாலிசை எடு.

— நெயில் பாலிசா? எதுக்குண்ணே, எனக்கு நலங்கா?

— முறுக்குன நட்டு மேல ஒரு செவப்புப் பொட்டு. நட்டு அசைஞ்சா பொட்டு விரிஞ்சுரும், பார்த்ததும் தெரியும். இருவது வருசத்துல பொட்டு வைக்காம ஒரு நட்டை விட்டதில்ல இந்தக் குணசேகரன்.

— அதான் மதினி நகத்துல ஒரு நாளும் செவப்பைக் காணோம். பூராம் எங்க வண்டிக்கே வந்துருது. சரிண்ணே, வாரேன். பாப்பா, அந்தக் காரு ஓட்டுன பயலுக்கு இப்பக் கை எப்படி?

— இருக்கு சித்தப்பா.

— நல்லாயிருவான், கவலைப்படாத. வாரேன்.

— போயிட்டான். இப்பச் சொல்லு ஆத்தா. வசந்தைப் பார்த்தியா?

— நேத்து மணமேல்குடிக்குப் போனேன். கட்டை விரல் மடங்கலைப்பா. நரம்பு போயிருச்சாம், இனி திரும்பாதுங்கறாங்க. அவங்கம்மா சோறு பிசைஞ்சு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

— அவன் என்ன சொன்னான்?

— "ஸ்டியரிங்கை நல்லாத்தான் பிடிச்சேன் ரஞ்சிதா"ன்னு சிரிச்சான். சிரிக்காம இருந்திருக்கலாம். லீவுல அவங்கப்பாவோட போட்டுல மீன் பிடிக்கப் போறவன். இனிமே வலைக்கயிறு பிடிக்க முடியாது.

— கேட்டுக்க. ரேசுன்னா மோதத்தான் செய்யும். அதுக்கு ஒயரு என்ன பண்ணும்?

— வளைவுல இன்ஜின் செத்துருச்சு. அவன் மிதிச்ச காலை எடுக்கலை. செத்தது பொசுக்குன்னு உயிர் வந்து, பின் சக்கரம் வழுக்கி, வண்டி டயர் அடுக்குல போயி முட்டிருச்சு. ஸ்டியரிங் வெடுக்குன்னு திரும்புனதுல விரலை முறிச்சுருச்சு. ஓட்டுனவன் மேல ஒரு தப்பும் இல்லை.

— சரி, இன்ஜின் ஏன் செத்துச்சு? எர்த்து குடுத்ததாலயா? எர்த்து இல்லாம நின்ன வண்டியைத்தான் நான் பார்த்திருக்கேன். எர்த்து குடுத்து நின்ன வண்டி இந்த ஜில்லாவுலயே கிடையாது.

— இது டிராக்டர் மாதிரி இல்லப்பா. இன்ஜின் எத்தனை சுத்து சுத்துதுன்னு அந்த சென்சார்தான் எண்ணி, இன்ஜினை நடத்துற ஈசியூ பெட்டிக்குச் சொல்லும். ரொம்பச் சன்னமான கரண்டு. பக்கத்துல இக்னிஷன் காயில், ஃபேன் மோட்டார்னு ஒரே இரைச்சல். அந்த இரைச்சல் உள்ள போகாம இருக்கத்தான் ஒயரைச் சுத்திப் பின்னல் உறை.

— அதுதான் ஷீல்டு. அதுக்கும் எர்த்து வேணும்ல?

— வேணும். ஆனா அந்தக் காருல ஈசியூ பக்கத்துல மட்டும், ஒரே முனையில. சென்சார் பக்கத்து முனை எதுலயும் படாமச் சும்மா இருக்கணும்.

— சும்மாவா?

— சும்மா. ரெண்டு முனையும் கட்டுனா அந்த உறையே இன்னொரு எர்த்து ஒயரா ஆயிரும். ஃபேன் கரண்டுல கொஞ்சம் அது வழியாவும் திரும்பும். இரைச்சலைத் தடுக்க வேண்டிய உறையே அதைக் கொண்டாந்து உள்ள விட்டுரும். பெட்டிக்கு எண்ணிக்கை தவறிரும், ஸ்பார்க்கை நிறுத்திரும்.

— அப்ப காலேஜ் கிரவுண்டுல ரெண்டு வாரம் ஓட்டுனீங்களே, அப்ப ஏன் நிக்கலை?

— அப்ப அந்த முனை கட்டியிருக்கலை.

— அப்பறம் எப்பக் கட்டுனது?

— விடுங்கப்பா. நான்தான் எழுதிக் குடுத்துட்டேன்ல.

— இரு, இரு. நீ விட்டப்ப அந்த முனை எப்படி இருந்துச்சு?

— கறுப்புக் குழாய் சிலீவை மாட்டி, கேபிளோட மடக்கி, பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டி வச்சிருந்தேன்.

— செயினு பக்கத்துல. இங்கிட்டு, இன்ஜினுக்கு அடியில.

— நான் எந்தப் பக்கம்னு சொல்லலியேப்பா.

— ரஞ்சிதா.

— சொல்லுங்க.

— போட்டிக்குக் கோயமுத்தூருக்கு வண்டி ஏத்துன அன்னைக்கு, லாரி நம்ம கடை வாசல்லதானே நின்னுச்சு.

— ஆமா. நாங்க எல்லாரும் சாப்பிடப் போனோம். நீங்க டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும்னு நின்னீங்க.

— பழம் வைக்கக் குனிஞ்சேன். சிலீவு தொங்குது. உரிச்சுப் பார்த்தா கம்பி எங்கயும் போகலை. எம் மக மறந்துட்டா போலயேன்னு நெனச்சேன். அத்தனை பசங்க நடுவுல பொம்பளப் புள்ள ஒருத்தி, கேவலமாப் போயிரக் கூடாதேன்னு, பாடியில ஒரு நட்டுல வச்சு முறுக்கி... ஆத்தா, அதுவா?

— தண்ணி குடிங்கப்பா.

— நீ சாப்பிட்டு வந்தப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா ஓம் மனசு சங்கடப்படும்னு கேக்கலை. எர்த்து எர்த்துன்னு அந்தப் பய விரலை நான்ல முறிச்சுட்டேன்.

— நீங்க வேணும்னு செய்யலை.

— இந்தக் கடுதாசியைக் கிழி. நான் ஓன் சார்கிட்ட வந்து சொல்றேன்.

— அது நகல். அசல் திங்கக்கெழமையே சார் கைக்குப் போயிருச்சு. லேபுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. சென்னையில வேலைக்கு எடுத்த கம்பெனியும் வேண்டாம்னு மெயில் போட்டுருச்சு. என் கட்டர், கிரிம்பர் எல்லாத்தையும் ஜூனியர் ஹரிணிகிட்ட குடுத்துட்டேன். இனி நான் ஒயரைத் தொடப் போறதில்லை.

— அதுக்குத்தான் சொல்றேன். நான் போயிச் சொன்னா ஒனக்கு எல்லாம் திரும்பும்ல?

— திரும்பாது. வெளியாள் கை வச்ச வண்டின்னு டீமுக்கே தடை போடுவாங்க. வசந்தோட ஆளுக இங்க வந்து நிப்பாங்க. அப்பறம் எவன் உங்களை நம்பி வண்டியை விடுவான்? ஒருத்தர் போனது போதும்.

— எம் பாவத்தை நீ சுமக்கறதா? முடியாது ஆத்தா. அவங்க நம்ப மாட்டாங்கன்னு நெனைக்கறியா? சாட்சி அந்தக் காருலயே இருக்கு. பொட்டு வைக்காம ஒரு நட்டை நான் விட்டதில்ல. குனிஞ்சு பார்க்கச் சொல்லு, செவப்பாத் தெரியும்.

— தெரியாதுப்பா. சாரைக் கூப்பிட்டுக் காட்டறதுக்கு முன்னாடியே, அதை நகத்தாலயே சொரண்டி எடுத்துட்டேன்.