மூன்றாம் நிமிடத்து வட்டம்

உங்கள் வரவேற்பறையில் ஓடுகிறதே, புகார் கொடுப்பது எப்படி என்று சொல்லும் படம், அதில் எழுத்து அரை நொடி முந்திக்கொண்டு வருகிறது அம்மா. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லப்போவதைப் படித்துவிடுகிறோம். காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் முதலில் வரவேண்டும், எழுத்து ஒரு மூச்சு தள்ளி வரவேண்டும். அப்போதுதான் ஜனங்கள் நம்புவார்கள்.

வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் பெயர் நிக்கோலாசா தார்க்கி. எல் ஆல்ட்டோ நகரத்தில், சான் எலோய் பேட்டையில், பதினோரு வருடமாக வீடியோ கடை வைத்திருக்கிறேன். திருவிழாவில் ஆடுகிறவர்களைப் படம் பிடிப்பேன். ஒவ்வொரு ஜோடியும் திரைக்கு வரும்போது காலடியில் அவர்கள் பெயரும், விழாவுக்கு அவர்கள் செய்த உபயமும் ஒரு பட்டையில் ஓடும். பீர் கொடுத்தவர் யார், பாண்டு வாத்தியம் வைத்தவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? பட்டை இல்லாத வீடியோவை எங்கள் ஆட்கள் கையால் தொட மாட்டார்கள்.

ஒரு வருடம் தவறு செய்தேன். மாதாவின் தேருக்குப் பூ அலங்காரம் செய்தது சத்துர்னினா அக்கா. அந்த உபயத்தை அவருக்குப் பின்னால் ஆடிய லியோகாதியாவின் பட்டையில் போட்டுவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த விழாவில் எல்லோரும் லியோகாதியாவுக்கு நன்றி சொன்னார்கள், அவளும் கூசாமல் வாங்கிக்கொண்டாள். சத்துர்னினா அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ எதுக்குடி மன்னிப்புக் கேக்கிற? பூவ நான்தான் குடுத்தேன்னு நெனச்சிட்டிருந்தேன். வீடியோவுல வேற மாதிரில்ல இருக்கு? எனக்குத்தான் மறதி வந்திடுச்சு போல" என்றார்.

என் பட்டைக்கு எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்தோன் என் தம்பி. இருபத்தொரு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கேமரா முக்காலியைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக வந்துகொண்டிருந்தான். அந்த வாரம் இரண்டு வீட்டில் டி.வி. திருட்டுப் போயிருந்தது. பேட்டைத் தலைவர் ஃபெர்மின் லாருத்தா கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் எல்லா வீட்டுக் கதவும் திறக்க வேண்டும். அவர் ஊதினார். "இவன்தான்" என்று கையை நீட்டினார்.

தெருமுனைக் கம்பத்தில், எல்லாப் பேட்டையிலும் தொங்குவதைப் போல, ஒரு துணிப் பொம்மை தொங்கும். அதன் கழுத்தில் "பிடிபட்ட திருடனை எரிப்போம்" என்று பலகை இருக்கும். நாளாக ஆக யாரும் அதைப் படிப்பதில்லை. அப்தோன் என் கடைப் பெயரைச் சொல்லியிருக்கிறான். "அக்காவ வேணா கூப்பிட்டுக் கேளுங்க" என்று கெஞ்சியிருக்கிறான். "மாட்டிக்கிட்டா எல்லாத் திருடனுக்கும் ஒரு அக்கா வந்திடுவா" என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணப் படத்துக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன். விசில் கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது முக்காலியின் இரும்பு மட்டும்தான் முழுதாக இருந்தது.

போலீஸ் வந்து கேட்டது. தெருவில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. துக்கத்துக்கு ஃபெர்மின் ரொட்டியும், வந்தவர்கள் மெல்லுவதற்குக் கோக்கா இலையும் கொண்டுவந்தார்.

"மனசுல வெச்சுக்காத தங்கச்சி. நான் விசில்தான் ஊதினேன். கைய வெச்சது நானில்ல" என்றார்.

கையிலிருந்த தேநீரை அந்த முகத்தில் ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. இன்னும் ஒரு கோப்பை கொடுத்தேன். எனக்குள் இருந்தது வெறி, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவசரப்படுகிற பழக்கம் என் தொழிலில் கிடையாது.

இந்த வருடம் பேட்டையில் கேமரா வைத்தார்கள். வைத்த மாதமே மூன்று வீட்டில் கேஸ் சிலிண்டர் காணாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஜனங்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று ஃபெர்மின் கடைக்கு வந்தார்.

"திருடன் மொகம் தெரியுதோ இல்லையோ, ஒரு வட்டத்தப் போட்டு, அம்பு விட்டு, நம்ம பசங்களுக்குப் புரியிற மாதிரி செய். நீ போட்டா சரியாத்தான் இருக்கும். பேச்சு என் குரல்லயே வரணும், சரியா?"

மைக்கைக் கொடுத்தேன். நன்றாகத்தான் பேசினார். "இதோ, இவன்தான். நல்லாப் பாத்துக்கோங்க" என்ற இடத்தை மட்டும் மூன்று முறை சொல்ல வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா அண்ணே. பின்னாடி நிக்கறவங்களுக்கும் கேக்கணும்ல?"

மூன்றாவது முறை சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

திருடன் முகம் எந்தக் கேமராவிலும் விழவில்லை. நீலச் சட்டையும் தலையை மூடிய தொப்பியும்தான் தெரிந்தன. ஆனால் வேறொரு நாள் காலைப் பதிவில் ஃபெர்மினின் மகன் இஸ்மாயேல் இருந்தான். கேஸ் வண்டி மணி கேட்டு, தன் வீட்டுக் காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறான். அவனும் நீலச் சட்டை. ஆறு வருடம் புவனோஸ் ஐரிஸில் தையல் பட்டறையில் இருந்துவிட்டுப் பத்து நாளைக்கு முன்னால்தான் வந்திருந்தான். போனபோது அவனுக்கு மீசைகூட இல்லை. பேட்டையில் பாதிப் பேருக்கு அவனை அடையாளம் தெரியாது.

மூன்று திருட்டையும் வரிசையாக வைத்தேன். நான்காவதாக அவனை வைத்தேன். மூன்றாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடியில் படத்தை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கினேன். அவன் அப்பாவின் குரல் "இவன்தான்" என்று முடிந்து ஒரு மூச்சு தள்ளி, சிவப்பு வட்டம் அந்த முகத்தைச் சுற்றி விழும். அதன்கீழே "மூன்று வீடு, ஒரே ஆள்" என்ற எழுத்து. எட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பிசிறில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். மண்டபத்தில் நான் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தபோது இஸ்மாயேல் ஒரு கோப்பையில் சூடான சோளக் கஞ்சி கொண்டுவந்தான்.

"குடிங்கக்கா, ஆறிடப்போகுது. அப்தோனும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சோம். அவன் செத்த சேதிய அங்க பட்டறையிலதான் கேட்டேன். அப்பாகிட்ட ரெண்டு மாசம் பேசல."

நல்ல பையன். குடித்துவிட்டுத்தான் படத்தைப் போட்டேன்.

ஃபெர்மின் திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து நின்றார். தன் குரல் பெரிதாகக் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "இவன்தான்" என்று குரல் சொன்னது. வட்டம் விழுந்தது. ஜனங்கள் திரையைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பின்சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அதே நீலச் சட்டையோடு அவன் அங்கே நின்றிருந்தான். யாரோ "இங்கயேதான்டா நிக்கிறான்" என்றார்கள். ஃபெர்மின் திரும்பிப் பார்க்கவில்லை. திருடன் கிடைத்துவிட்டான் என்று விசிலை எடுத்து ஊதினார். முழு மூச்சையும் சேர்த்து ஊதினார்.

அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"அவன் என் புள்ளடா" என்று கத்தியது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். விசில் கேட்டு எல்லாக் கதவும் திறந்துவிட்டிருந்தது. கூட்டம் அவனைக் கம்பத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நான் இடத்தை விட்டு எழவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் பெயர் வரிசை ஓடியது. ஃபெர்மின் லாருத்தாவின் பெயரை முதலில் போட்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். கைகள் இரண்டும் வெந்திருந்தன.

"அவன் உன்ன என்ன பண்ணான்? என்னை எரிச்சிருக்கலாமே தங்கச்சி?" என்று கேட்டார்.

பதில் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் தாளில் என்னைக் கொலைகாரி என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள் அம்மா. அவரிடம் சொன்னது இதுதான்: நான் வட்டம்தான் போட்டேன். கையை வைத்தது நானில்லை. அவரும் ஒருநாள் இப்படித்தான் சொன்னார் என்பீர்கள். அவர் சொன்னது சாக்கு.