திரும்பிப் பார்க்காத நடை

— அதைப் போட்டு அப்படித் திருகாதீங்க அண்ணே, உடைஞ்சுடப் போகுது. எங்கிட்டக் குடுங்க.

— இந்தா, நீயே வச்சுக்கோ. ரிமோட்டுன்னா நாலு பட்டன் இருக்கணும். இதுல கைக்கு ஒரு கொம்பு, காலுக்கு ஒரு கொம்பு. கம்பெனிக்காரப் பசங்க பெட்டியை மேஜையில வச்சுட்டு, "சார், உங்க பழைய சண்டைப் படமெல்லாம் பார்த்துத்தான் இந்த கேமோட ஹீரோவைப் பண்ணியிருக்கோம், ஆடிப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் யாரு? ஒரே நேரத்துல பத்துப் பேரை அடிச்சவன். எனக்கு இதை ஆன் பண்ணத் தெரியலடா.

— பத்துப் பேரையும் நான்தான் அடிச்சேன்.

— அடடா! வந்து முழுசா உக்காரல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?

— சும்மா சொன்னேன். அது கிடக்குது விடுங்க.

— அத்தனை படத்துலயும் எனக்கு டூப் போட்டவன் நீ. உன்கிட்ட பெருமையடிக்காம வேற எவன்கிட்ட அடிக்கிறது? அதுக்குத்தானே போன் பண்ணி, வாடா நிழலுன்னேன். என்ன நான் சொல்றது?

— நம்பரை மாத்தாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. உங்க கடைசிப் படத்துக்கு அப்புறம் உங்ககிட்டேர்ந்து இப்பத்தான் மணி அடிக்குது.

— சரி சரி, குத்தாதே. உனக்கு இந்த எழவெல்லாம் எப்படிடா தெரியும்?

— ஷாப்பிங் மால்ல பசங்க காசு போட்டு கேம் ஆடுற கூடம் இருக்குல்ல, அங்க காவல் வேலை. மத்தியானத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. மெஷினுங்க அதுபாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கும். ஓனர் அசந்த நேரமாப் பார்த்து நானும் ஆடுவேன்.

— தனியாவா?

— எதிர்ல ஒரு பொம்மை இருக்கும்ல, அது கூட... ம், வந்துடுச்சு. அப்பா, என்ன சத்தம், காதைப் பொளக்குது!

— நிறுத்துடா அதை. சுத்தமா நிறுத்திடு. டமால் டுமீல்னு கேட்டாலே இப்பல்லாம் தலை வலிக்குது. நீ வாயால சொல்லு, அது போதும்.

— நீங்கதான் பார்த்துட்டு இருக்கீங்களே, நான் என்னத்தச் சொல்றது?

— மூக்குக் கண்ணாடியை மாத்தக் குடுத்திருக்கேன். எல்லாம் மசமசன்னு இருக்கு. சொல்லு, எப்படி இருக்கேன்?

— தெரியல. முதுகுதான் தெரியுது.

— என்னது?

— இந்த மாதிரி கேமெல்லாம் அப்படித்தாண்ணே. கேமரா ஹீரோவுக்குப் பின்னாடியே ஓடும். ஆடுறவன் முதுகைப் பார்த்துக்கிட்டே போகணும். தோல் கோட்டு போட்டிருக்கீங்க. கழுத்துல சிவப்புத் துணி.

— துறைமுகப் படத்துல போட்ட கோட்டுடா அது!

— அதேதான். அதுல ரெண்டு தைப்பாங்க. உங்களுது உள்ள பட்டு வச்சது. என்னுது விழுந்தா அடிபடாம இருக்க முதுகுல பஞ்சு வச்சது. இவங்க பஞ்சு வச்சதைப் பார்த்துப் பண்ணியிருக்காங்க. முதுகு புடைச்சுக்கிட்டு நிக்குது.

— வீரன்னா முதுகு அவ்வளவு அகலமா இருக்கணும்னு நெனச்சிருப்பானுங்க. இருக்கட்டும், இருக்கட்டும். ஓட வை என்னை.

— ஓடுறீங்க. வில்லன் ஆளுங்க வர்றாங்க. ஒருத்தனை அடிச்சாச்சு. அடுத்தவன். பாவம், வரிசையில நின்னு ஒவ்வொருத்தனா வந்து வாங்கிக்கிட்டுப் போறான், நம்ம படத்துல வர்ற மாதிரியே.

— ஹீரோகிட்ட அடி வாங்குறதுக்கும் ஒரு முறை இருக்குடா.

— ஐயோ.

— என்ன ஆச்சு?

— பின்னாடிலேர்ந்து ஒருத்தன் சுட்டுட்டான். செத்துட்டீங்க.

— நான் சாகக்கூடாதே! ரசிகன் ஏத்துக்க மாட்டான். ஒரு டைரக்டர் கடைசி சீன்ல என்னைச் சாகடிக்கணும்னு சொன்னதுக்கு, எழுந்திருச்சு வெளிய போய்யான்னவன் நான்.

— இங்க அதெல்லாம் செல்லாது. ஆனா ஒண்ணும் ஆகல, மறுபடியும் முதல்லேர்ந்து வந்து நிக்கிறீங்க. மால்ல பசங்க ஒவ்வொரு ஹீரோவையும் சாயங்காலத்துக்குள்ள எத்தனை தடவை சாகடிக்கிறானுங்க தெரியுமா. எழுந்து எழுந்து வர்றான், அலுத்துக்கவே மாட்டான்... சரி, மாடிக்கு வந்தாச்சு. கண்ணாடி ஜன்னல். குதிக்கிறேன். குதிச்சாச்சு. தோளைக் குடுத்து உருண்டு, ஒத்தக் கையை ஊனி எழுந்துக்கிறீங்க.

— நான் எழுந்திருக்கிற மாதிரியேவா?

— நான் எழுந்திருக்கிற மாதிரியே.

— சரிடா, நீதான், நீயேதான். அப்புறம்?

— பின்னாடி பெட்ரோல் கிடங்கு வெடிக்குது. நீங்க திரும்பிப் பார்க்காம நடந்து வர்றீங்க.

— ஆங்! அதைச் சொல்லு! அந்த இடத்துல தியேட்டரே எழுந்து நிக்கும்டா. பேட்டி எடுக்க வந்தவனெல்லாம், "அந்தத் தெனாவட்டு எங்கேர்ந்து சார் வந்துச்சு"ன்னு கேட்பான். கம்பெனிப் பையனும் அதைத்தான் சொன்னான். இந்த நடைக்காகவே கேம் பண்ணோம் சார்னான்.

— திரும்பினா என் மூஞ்சி தெரிஞ்சிடும்ணே. அதான் விஷயம். "திரும்பித் தொலைச்சுடாதே, இன்னொரு கிடங்கு கட்ட ஆள் இல்ல"ன்னு சண்டை மாஸ்டர் கத்தினாரு. முதுகு பொசுங்குது. திரும்பாம நடந்தேன். அதுல தெனாவட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

— அப்படியா? எனக்கு இது யாருமே சொல்லலியே.

— நீங்க அப்போ வேன்ல தூங்கிட்டு இருந்தீங்க. இப்போ இடது காலைப் பாருங்க, லேசா இழுத்துக்கிட்டு நடக்குது.

— அது என் ஸ்டைலு.

— அது என் இடுப்பு. படகுலேர்ந்து தவறி விழுந்தேனே, அதுலேர்ந்து நான் காலை இழுத்துத்தான் நடந்தேன். தூரத்துல நடக்கிறது நான், கிட்டத்துல உங்க முகம். ரெண்டும் ஒத்துப் போகணும்னு டைரக்டர் உங்களையும் இழுக்கச் சொன்னாரு.

— ஆமா... ஆமாடா. ஹோட்டல் ரூம்ல நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். அப்புறம் பார்த்தா காலேஜ் பசங்க பூரா காலை இழுத்துக்கிட்டுத் திரிஞ்சானுங்க.

— இப்போ இந்தப் பொம்மையும் இழுக்குது. வலி மட்டும் யாருக்கும் போகல, என்கிட்டயே நின்னுடுச்சு. நான் வந்ததும் போட்டு வச்ச டீ ஆறுது, குடிங்க... கப்பு அங்க இல்லண்ணே. இந்தப் பக்கம்.

— தெரியும், தெரியும். நல்லாப் போட்டிருக்கே. சமையல்காரம்மா காலையில வந்து மூடி வச்சுட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் டீத்தண்ணிக்குக்கூட ஆளில்ல.

— டிரைவர் எங்க?

— நிறுத்திட்டேன். போக இடம் இல்லாதவனுக்கு டிரைவர் எதுக்கு? முன்னெல்லாம் இந்த ஹால்ல கால் வைக்க இடம் இருக்காது. தயாரிப்பாளர், கதை சொல்றவன், கட்டவுட் வைக்கிறவன். இப்போ மணி அடிச்சா கூரியர்காரன். அவனும் கையெழுத்து வாங்கிக்கிட்டு ஓடுறான், யாருகிட்ட வாங்குறோம்னுகூடப் பார்க்கிறதில்ல. அது போகட்டும், வீட்ல தங்கச்சி எப்படி இருக்கா?

— அவ போயிட்டாண்ணே.

— எப்போ?

— ஆச்சு.

— என்கிட்டச் சொல்லலியேடா!

— யாருகிட்ட வந்து சொல்றது, கேட்டுல நின்ன வாட்ச்மேன்கிட்டயா? அது கிடக்குது விடுங்க. அண்ணி தவறினப்போ நான் வந்தேன். கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டுப் போனேன்.

— நான் உன்னைப் பார்க்கலியே.

— கண்ணுல படாம நிக்கிறதுதானே நம்ம தொழிலு.

— பையன் கூட இருக்கானா?

— அவன் வேலை பார்க்கிறது வேற ஊர்ல. வீட்டுக்குப் போனா நானும் சுவத்துக் கடிகாரமும்தான். உங்க பொண்ணு?

— ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா. வீடியோவுல வாங்கப்பாங்கிறா. கேமரா கெட்டுப் போச்சும்மான்னு சொல்லி வச்சிருக்கேன். ஆட்டத்தை ஏன்டா நிறுத்திட்டே? மேல சொல்லு.

— இதோ. கிடங்கைத் தாண்டியாச்சு. இப்போ சண்டை இல்ல. ஒரு ஆத்தங்கரை வருது.

— சண்டை இல்லாம நானா?

— ஆமா. கோட்டைக் கழட்டிக் கல்லு மேல வச்சுட்டு உக்காந்திருக்கீங்க. தண்ணி ஓடுது.

— யாரு வர்றா?

— யாரும் வரல.

— நல்லாப் பாருடா. நான் சும்மா உக்காந்தேன்னா அடுத்த நிமிஷம் மரத்துக்குப் பின்னாடிலேர்ந்து எவனாவது கத்தியோட வருவான்.

— வரலண்ணே. தூரத்துல ஒருத்தன் தூண்டில் போட்டுக்கிட்டு இருக்கான். அவனும் இந்தப் பக்கம் திரும்பல.

— பாவிப் பசங்க, அழகாப் பண்ணியிருக்கானுங்க. தண்ணி பளபளன்னு இருக்குல்ல? அது எனக்கே லேசாத் தெரியுது.

— தெரியுதா?

— ம். வெயில் பட்டு மின்னுது.

— அண்ணே.

— என்ன?

— டிவியை அணைச்சு நேரமாச்சு. டீ குடிக்கச் சொன்னேனே, அப்பவே அணைச்சுட்டேன். ஆறும் இல்ல, தண்ணியும் இல்ல.

— எப்படிடா தெரிஞ்சுது?

— கதவைத் திறந்தப்போ என் தோளுக்கு மேல பார்த்து வாடான்னீங்க. எந்தக் கேமராவுலயும் உங்க பார்வை இம்மி தப்பி நான் பார்த்ததில்ல. என்ன ஆச்சு கண்ணுக்கு?

— போயிடுச்சுடா. முதல்ல ஓரத்துல கறுப்பு விழுந்துச்சு. அப்புறம் நடுவுல. நரம்பு காஞ்சு போச்சாம், திரும்ப வராதாம். டாக்டருக்குத் தெரியும். சமையல்காரம்மாவுக்குத் தெரியும், யாருகிட்டயும் சொல்லாதேம்மான்னேன். இப்போ உனக்கு. நம்பர்கூட எதுவும் தேடிப் பார்க்க முடியல. பழைய பட்டன் போன்ல உன் நம்பர் மட்டும் விரலுக்கு ஞாபகம் இருந்துச்சு.

— பொண்ணுகிட்ட சொல்ல வேணாமா?

— சொன்னா அடுத்த பிளேன்ல வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவா. நல்ல பொண்ணு. ஆனா அவ இருக்கிற ஊர்ல நான் ரோட்டுல விழுந்தாலும், யாரோ கிழவன் விழுந்துட்டான்னுதான் தூக்குவாங்க. இங்கன்னா, சார் விழுந்துட்டாரும்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்டா இங்க கிடக்கேன்.

— சும்மா ஆட்டம் பார்க்கவா என்னைக் கூப்பிட்டீங்க? வேற ஏதோ இருக்கு. சொல்லுங்க.

— நாளைக்கு விழா. இந்த கேமை மேடையில வெளியிடுறாங்க. புகை போட்டு, பின்னாடி திரையில கிடங்கு வெடிக்குமாம். நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு அந்த நடை நடந்து வரணுமாம். நீ வந்துடுடா. ஒரே ஒரு ஷாட்டு. புகையில எவனுக்கும் தெரியாது. நீ நடந்துட்டு அந்தப் பக்கம் இறங்கிடு. நான் நாற்காலியில உக்காந்து மைக்குல பேசிச் சமாளிச்சுக்கிறேன்.

— முடியாதுண்ணே.

— கோவமா?

— கோவமெல்லாம் இல்ல. எந்திரிங்க. கையை என் தோள்ல வைங்க. நான் முன்னாடி போறேன், நீங்க கூட வாங்க. அங்க மேஜை, கொஞ்சம் ஒதுங்குங்க. ம், வாங்க, வாங்க.

— நிழலு... உன் தோள் ஏறி இறங்கலியே, நீ காலை இழுக்கலியே! கால் நேராப் போகுதே!

— இடுப்புல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மால்ல நாள் பூரா நிக்கணும்ல. இனி நான் நெனச்சாலும் அந்த நடை வராது. அது இப்போ உங்ககிட்டயும் அந்தப் பொம்மைகிட்டயும்தான் இருக்கு. நாளைக்கு நீங்கதான் நடக்கணும். நான் பக்கத்துல வர்றேன், இதே மாதிரி தோளைப் புடிச்சுக்கோங்க.

— ரெண்டு பேரும் சேர்ந்தா? யார்றா இவன்னு கேட்பாங்களே.

— கேட்டா சொல்லுங்க.

— சொல்றேன்டா. மைக்கை வாங்கிச் சொல்றேன். குதிச்சது இவன், விழுந்தது இவன், நெருப்புக்கு முன்னாடி நடந்தது இவன். இவனை நல்லாப் பார்த்துக்கோங்கன்னு சொல்றேன். என்ன நான் சொல்றது?

— அவ்வளவெல்லாம் வேணாம். கம்பளம் மடிஞ்சிருக்கு, காலைத் தூக்கி வைங்க.

— நிழலு, கொஞ்சம் நில்லு.

— என்னண்ணே, கால் தடுக்கிடுச்சா?

— இல்ல. நாள் பூரா சும்மா உக்காந்து ஒவ்வொருத்தர் முகமா நெனச்சுப் பார்ப்பேன். உன் அண்ணி முகம் வருது. பல்லு விழுந்து பொண்ணு சிரிச்சது வருது. சண்டை மாஸ்டர் மீசைகூட வருது. உன்னை நெனச்சா மட்டும் முதுகுதான்டா வருது. நீ எப்படிடா இருப்பே?