எச்சு கியர்

பகல் மூன்று மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? ஐப்பசி மாதம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற ரோட்டில் பகல் மூன்று மணிக்கு நின்று பாருங்கள். மூடுபனியில் நீட்டிய கை தெரியாது. எதிரே வண்டி வராது... ஹாரன்தான் வரும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். முன்னால் ரோட்டில் சரிந்த மண்ணை அள்ளி நம் வண்டிக்கு வழிவிட விடிந்துவிடும் என்கிறார்கள். டிரைவர் அண்ணே, நீங்களும் கேளுங்கள். உங்கள் தொழில் கதைதான்.

என் சிநேகிதன் லிங்கசாமியின் அக்கா புருஷன், பெயர் ஆறுச்சாமி. அவனுக்கு நடந்தது. மதுவிலக்குக் காலம். வாயில் சாராய வாடை வந்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கோத்தகிரியில் மாரப்பன் என்று ஒரு உருளைக்கிழங்கு வியாபாரி. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தார். டிரைவர் பொன்ராஜ். மூட்டை ஏற்றி இறக்க ஆறுச்சாமி. அவனுக்கும் லைசென்ஸ் இருந்தது, ஸ்டியரிங்தான் இல்லை.

மாரப்பனுக்கு ஒரே கவலை, பெட்ரோல். லவ்டேல் பக்கம் ஒரு துரை விட்டுப்போன காரை உடைத்து விற்றபோது, அதிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை வாங்கி வந்தார். ஓவர்டிரைவ். கியர் பெட்டிக்குப் பின்னால் அதைப் பொருத்தினால், சமவெளியில் வண்டி அதே வேகத்தில் ஓடும், எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுற்றும். மெக்கானிக் சுவிசேஷமுத்து, பின் சக்கரத்துக்குப் போகிற நீள ஷாஃப்டை அறுத்துக் குட்டையாக்கி, பற்றவைத்து, நடுவே அந்தப் பெட்டியைச் செருகினான். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி. உள்ளே தள்ளினால் பெட்டி வேலை செய்யும். வெளியே இழுத்தால் ஒதுங்கிக்கொள்ளும். ஓவர்டிரைவ் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எச்சு கியர் என்றார்கள். எச்சு என்றால் அந்தப் பக்கத்தில் கூடுதல் என்று அர்த்தம்.

"மலை எறங்கறப்ப மட்டும் இதை வெளிய இழுத்து வெச்சுக்கோங்க," என்றான் சுவிசேஷமுத்து. "எறக்கத்துல சைக்கிள் பெடல மிதிக்காம உட்டா சக்கரம் அது பாட்டுக்கு ஓடுதுல்லீங்க? இதும் அப்படித்தான். ரெண்டாம் கியர் போட்டாலும் எஞ்சின் வண்டியப் பிடிக்காது."

எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு... மலை டிரைவர்கள் படித்த ஒரே பாடம் அதுதான். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்திருக்கும். அந்த முனகல் காதில் விழுகிறவரை உயிர் பத்திரம்.

பொன்ராஜ் மலை இறங்கி முடிக்கும்வரை கைப்பிடியை வெளியேதான் வைத்திருந்தான். மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா பொன்ராஜு, கீழ போற வண்டிக்கும் பெட்ரோல் ஊத்தோணுமா? தண்ணிகூடத்தான் கீழ போகுது. அது என்ன பெட்ரோலா குடிக்குது?"

"பிரேக்கு தாங்காதுங்க மொதலாளி."

"பயமா இருந்தா எறங்கிக்கோ. ஆறுச்சாமி இருக்கறான்."

மறுநாள் மாரப்பன் தன் கையாலேயே கைப்பிடியை உள்ளே தள்ளி, மேலே கட்டுக்கம்பி சுற்றி முறுக்கினார். பொன்ராஜ் ஒரு நிமிஷம் அந்தக் கம்பியையே பார்த்தான். அப்புறம் ஏறி உட்கார்ந்தான்.

குஞ்சப்பனை என்ற ஊரைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. பிரேக் பிடிக்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி குதித்துவிட்டான். வண்டி உருண்டு போய் மரத்தில் மோதி நின்றது. வெளியே வீசப்பட்ட பொன்ராஜ் அங்கேயே செத்துப்போனான்.

பின்னால் காரில் வந்துகொண்டிருந்த மாரப்பன் பள்ளத்தில் இறங்கினார். கையில் கட்டிங் பிளேயர். கம்பியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடியை வெளியே இழுத்துவிட்டார். நிமிர்ந்தால் எதிரே ஆறுச்சாமி.

"பாத்துட்டயா?"

"இல்லீங்க..."

"அவன் குடிச்சிருந்தான். உனக்கு வாடை அடிச்சுதல்ல?"

ஆறுச்சாமி காலியான டிரைவர் சீட்டைப் பார்த்தான்.

"அடிச்சுதுங்க."

பொன்ராஜ் ஜென்மத்தில் குடித்ததில்லை. ஆனால் ஆறுச்சாமி இதையே போலீசிலும் சொன்னான், கோர்ட்டிலும் சொன்னான். பொன்ராஜின் பெண்டாட்டி மாரியாயி, குடிகாரன் பொஞ்சாதி என்ற பேரோடு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனாள். சுவிசேஷமுத்து, "எனக்கெதுக்குங்க வம்பு" என்று வண்டியை நிமிர்த்திச் சரிசெய்து கொடுத்தான். எச்சு கியரோடு.

ஆறுச்சாமிக்கு ஸ்டியரிங் கிடைத்தது.

இப்போது அந்தப் பகல் மூன்று மணிக்கு வாருங்கள்.

கிழங்கு லோடு. வண்டியில் அவன் ஒருத்தன்தான். கைப்பிடியை வெளியே இழுத்து, இழுத்ததை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். இரண்டாம் கியர். ஊ...ங் என்று எஞ்சின் முனகல். வைப்பர் டக்... டக்... ஈரச் சாக்கு வாடை.

குஞ்சப்பனை தாண்டியது.

முனகல் நின்றது.

எஞ்சின் அணையவில்லை. ஷெட்டில் நிற்கிற வண்டி மாதிரி நிதானமாக, தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வண்டிதான் நிற்கவில்லை. ஈர ரோட்டில் டயர் மட்டும் ஸ்ஸ்ஸ்... கியரைத் தொட்டான். இரண்டில்தான் இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான்.

கைப்பிடி உள்ளே இருந்தது.

இழுத்தான். வரவில்லை. விரலை ஏதோ நறுக்கென்று அறுத்தது. கம்பி. சுற்றிச் சுற்றி இறுக்கி முறுக்கின கட்டுக்கம்பி... எதை வெட்டும்போது இவன் நின்று பார்த்தானோ, அதே இடத்தில்.

பிரேக்கை மிதித்தான். கருகல் வாடை. மறுபடி மிதித்தான். பஞ்சை மிதித்த மாதிரி கால் அடிவரை போனது.

அப்போதுதான் இன்னொரு வாடை வந்தது. பக்கத்து சீட்டிலிருந்து. புளித்த, கசந்த வாடை. யாரோ முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூச்சு விடுகிற மாதிரி... சூடாக. ஆறுச்சாமி வாயை இறுக மூடிக்கொண்டான். மூக்கு வழியாக உள்ளே போனது.

ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். வண்டி மண் திட்டில் முட்டி நின்றது. உயிர் தப்பியது.

பனிக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போலீஸ்காரர் வந்தார். உள்ளே வெளிச்சம் போட்டார். கைப்பிடி வெளியே இழுத்தபடி இருந்தது. கம்பி இல்லை. ஆறுச்சாமியின் விரலில் மட்டும் ரத்தம். அவர் குனிந்தார்... சட்டென்று நிமிர்ந்தார்.

"எங்கடா ஊத்திக்கிட்டே?"

"ஒரு சொட்டு தொடலீங்க ஐயா!"

சொல்லச் சொல்ல வாடை கூடிற்று.

மாரப்பன் வந்தார். "எனக்கும் வாடை அடிக்குதுங்க," என்றார். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.

லைசென்ஸ் போனது. வாடை போகவில்லை. உப்பு போட்டுக் கொப்பளித்தான், வேப்பங்குச்சி மென்றான், நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்து வாயில் அடக்கிக்கொண்டான். பேசாமல் இருந்தால் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் வந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டால் போய்விடும் என்று ஸ்டேஷனுக்கு நடந்தான்.

"ஏட்டையா, பொன்ராஜு குடிக்கலீங்க. நான் பொய்ச் சாட்சி சொன்னேனுங்க."

ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னிக்கு சரக்கு கொஞ்சம் பலமோ? தூக்கி உள்ள போடுங்கப்பா, தெளியட்டும்."

மறுநாள் வெளியே வந்து நேராக மாரியாயியிடம் போனான். தேயிலைக்கு நடுவே முதுகில் கூடையோடு நின்றிருந்தாள்.

"அண்ணி... அண்ணன் மேல ஒரு தப்புமில்லீங்க. அந்தக் கம்பிய..."

அவள் முந்தானையால் மூக்கை மூடினாள்.

"குடிச்சுப்போட்டு வந்தவங்ககூட எங்க ஊட்டுக்காரரு நின்னுகூடப் பேச மாட்டாருங்க. தெளிஞ்சப்பறம் வாங்க."

தெளிந்து வருவதற்கு அவன் எங்கே போவான்?

மாரப்பன் நன்றாகத்தான் இருந்தார். அந்த வருஷம் கிழங்கு விலைகூட ஏறியது. பிக்கப்புக்கு வேறு டிரைவர் கிடைத்தான். ஆறுச்சாமி பேச்சையே விட்டுவிட்டான். பெண்டாட்டியிடம்கூடக் கையால்தான் பேசினான்.

அடுத்த வருஷம் அவளுக்கு, அதாவது லிங்கசாமியின் அக்காவுக்கு, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிரசவம். அறையில் அவளும் நர்ஸ் பிலோமியும் மட்டும். ஆறுச்சாமியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. டெட்டால் வாடை தவிர வேறு வாடை கிடையாது.

பெண் குழந்தை. சத்தம் வரவில்லை. பிலோமி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். ஒரு தட்டு... இன்னொரு தட்டு... குழந்தை வாயைத் திறந்து வீலென்று அழுதது.

பிலோமி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாருங்க இங்க சாராயம் கொண்டாந்தது?"